கயாக் துடுப்பும் மணிக்கட்டும் – ஒரு வரலாறு

கயாக் என்பது ஒருவர் கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் அகன்ற துடுப்பால் மாறி மாறி வலித்துச் செலுத்தும் ஒடுங்கிய படகு. வடதுருவப் பகுதி மக்கள் கடல் வேட்டைக்காக உருவாக்கிய இப்படகு இன்று உலகெங்கும் விளையாட்டாகவும் பொழுதுபோக்காகவும் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் சில கழிமுகங்களிலும் படகுத்துறைகளிலும் கூட அதைக் காணலாம்.

கயாக் ஓட்டத் தொடங்குவோர் பலரும் முதலில் தோள் வலிக்கும் என்றே எதிர்பார்ப்பார்கள். ஆனால் சில மணி நேரம் ஓட்டியபின் பலருக்கு வலிப்பது மணிக்கட்டு. இதற்குத் துடுப்பின் அமைப்பும் அதைப் பிடிக்கும் முறையும் காரணமாகின்றன. இன்று கடையில் கிடைக்கும் துடுப்பு ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதை அறிந்தவருக்குத் தம் கைக்கு ஏற்ற துடுப்பைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். இக்கட்டுரை அந்த வரலாற்றை மணிக்கட்டின் பக்கமிருந்து பார்க்கிறது.

இக்கட்டுரையில் வரும் சொற்கள்

துடுப்பின் நடுவில் கைகள் பிடிக்கும் பகுதி தண்டு. இரு முனைகளிலும் தண்ணீரில் முழுகும் அகன்ற பகுதி அலகு. இரண்டு அலகுகளும் ஒரே தளத்தில் அமையாமல் ஒன்றுக்கொன்று திருகி இருந்தால், அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைத் திருப்புக் கோணம் என்போம். துடுப்பைத் தரையில் வைக்கும்போது இரண்டு அலகுகளும் படுத்தபடி இருந்தால் கோணம் சுழியம். ஒன்று படுத்தும் மற்றொன்று செங்குத்தாக நின்றும் இருந்தால் கோணம் 90 பாகை.

ஆர்க்டிக் பகுதியில்: உடலே அளவுகோல்

கிரீன்லாந்து, கனடாவின் வடபகுதி, அலாஸ்கா ஆகிய இடங்களின் இனுயிட், யூப்பிக் மக்களும், அலூசியத் தீவுகளின் அலூட் மக்களும் கயாக்கை உருவாக்கியவர்கள். மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய் போன்ற விலங்குகளின் தோலை இழுத்துத் தைத்தார்கள். கிரீன்லாந்தில் படகு கட்டத்தக்க பெருமரங்கள் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் அடித்துச் சென்ற மரங்கள் கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து கரை ஒதுங்கும். அந்த ஒதுங்கு மரமே படகுச் சட்டமாகவும் துடுப்பாகவும் ஆயிற்று. துடுப்பின் முனைகளும் ஓரங்களும் பனிக்கட்டியில் மோதிச் சிதையாதிருக்க எலும்புப் பட்டைகளைப் பதித்தார்கள்.

கிரீன்லாந்துத் துடுப்பின் அலகு நீண்டும் ஒடுங்கியும் இருக்கும். அகலம் பெரும்பாலும் 8 முதல் 9 சென்டிமீட்டர்தான். இரண்டு அலகுகளும் ஒரே தளத்தில் இருக்கும். திருப்புக் கோணம் கிடையாது. முதன்முறை காண்பவருக்கு அது ஒரு நீண்ட சட்டம் போலத் தோன்றும்.

இத்துடுப்பின் அளவுகள் பயன்படுத்துபவரின் உடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. மரபு முறையில் செதுக்குவோர் இன்றும் பின்பற்றும் கணக்கு நமக்கு எளிதில் விளங்கும். இரு கைகளையும் விரித்த நீளத்தோடு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்தைக் கூட்டினால் துடுப்பின் நீளம் கிடைக்கும். நம் கரையோர மீனவர் ஆழம் அளக்கும் ‘பாகம்’ என்பதும், பூக்கடையில் சரம் அளக்கும் ‘முழம்’ என்பதும் இதே அளவுகள்தாம். ஒரு பாகமும் ஒரு முழமும் சேர்ந்தது ஒரு கிரீன்லாந்துத் துடுப்பு. கைவிரிப்பு 165 சென்டிமீட்டரும் முழம் 44 சென்டிமீட்டரும் உள்ள ஒருவருக்குத் துடுப்பு 209 சென்டிமீட்டர் வரும். அலகின் அகலம், கட்டை விரலும் மற்ற விரல்களும் வளைத்துப் பிடிக்கக்கூடிய அளவு. நடுத்தண்டின் நீளம் ஏறத்தாழத் தோள் அகலம்.

இப்படி அளந்து செய்த துடுப்பில் கைகள் தண்டும் அலகும் சேரும் இடத்தில் இயல்பாக அமரும். சில விரல்கள் தண்டிலும் சில விரல்கள் அலகின் தொடக்கத்திலும் படிவதால், அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பார்க்காமலேயே கைக்குத் தெரியும். இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஒடுங்கிய அலகு தண்ணீரில் இறங்கும்போது எதிர்ப்பு ஒரேயடியாக வராமல் படிப்படியாகக் கூடுகிறது. குடும்பத்தின் உணவு வேட்டைக்காரரின் கைகளை நம்பியிருந்த நிலையில், நாள் முழுதும் வலித்தாலும் தாங்கும் கருவி தேவைப்பட்டது. இத்துடுப்பின் அமைப்பு அத்தேவைக்குப் பொருந்துகிறது.

ஐரோப்பாவுக்கு வந்த துடுப்பு

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கயாக்கை ஒரு பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டனர். இதில் முக்கியமானவர் ஜான் மெக்கிரகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1865இல் அவர் ‘ராப் ராய்’ என்று பெயரிட்ட சுமார் 15 அடி நீள மரப்படகில் ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியாகப் பயணம் செய்தார். பயண அனுபவங்களை அடுத்த ஆண்டு நூலாக வெளியிட்டார். அந்நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. 1866இல் அவர் முன்னின்று தொடங்கிய படகுச் சங்கம் பின்னர் ராயல் கேனோ கிளப் என்னும் பெயர் பெற்றது.

மெக்கிரகரின் துடுப்பு சுமார் 7 அடி நீளமுடைய இருமுனைத் துடுப்பு. ஆர்க்டிக் துடுப்பின் கருத்து அதில் இருந்தது. ஆனால் அளக்கும் முறை மாறிவிட்டது. தச்சுப் பட்டறையில் செய்யப்படும் துடுப்புக்கு அடிக்கணக்கில் நீளம் சொல்வது வழக்கமாயிற்று. ஐரோப்பியப் படகுகள் அகலமானவை என்பதால் துடுப்பு தண்ணீரை எட்ட வேண்டியிருந்தது. எனவே நீளத்தைப் படகின் அகலம் முடிவு செய்தது. அலகும் குட்டையாகவும் அகலமாகவும் ஆயிற்று. ஒருவர் கைக்கு ஏற்பச் செதுக்கிய கருவி, படகுக்கு ஏற்பச் செய்த பொருளாக மாறிய கட்டம் இது.

இரண்டாகப் பிரியும் துடுப்பு

7 அடித் துடுப்பை ரயில் பெட்டியில் கொண்டு செல்வது கடினம். அதனால் தண்டின் நடுவில் பித்தளைக் குழல் பொருத்தி, இரண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் இணைக்கும் துடுப்புகள் வந்தன. பிரித்து எடுத்துச் செல்வதற்காகச் செய்த இந்த இணைப்பு மற்றொரு வசதியையும் தந்தது. ஒரு பாதியைத் திருப்பிப் பொருத்தினால் இரண்டு அலகுகளும் வெவ்வேறு தளத்தில் நிற்கும். எதிர்காற்றில் செல்லும்போது தண்ணீருக்கு மேலே இருக்கும் அலகு தன் முழு அகலத்தையும் காற்றுக்குக் காட்டாமல், ஓரத்தால் காற்றைக் கிழித்துச் செல்லும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் படகோட்டிகள் எதிர்காற்றுக்காக இவ்வாறு அலகைச் செங்கோணத்தில் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடிப்புப் படகு இவ்வழக்கத்தை மேலும் பரப்பியது. 1905இல் மூனிக் நகரில் கட்டடக்கலை பயின்ற ஆல்ஃப்ரெட் ஹாய்ரிச் என்னும் மாணவர், மூங்கில் சட்டமும் துணியும் கொண்டு மடித்து எடுத்துச் செல்லும் கயாக்கைச் செய்து ஈசார் ஆற்றில் ஓட்டினார். ரோசன்ஹைம் நகரத் தையற்காரரான யோகான் கிளெப்பர் 1907இல் அந்த வடிவமைப்பின் உரிமையை வாங்கித் தொழிலாக வளர்த்தார். நகரத்து இளைஞர்கள் படகை மூட்டையாகக் கட்டி ரயிலில் ஏற்றி ஆற்றுக்குச் சென்றனர். துடுப்பும் இரண்டு துண்டாக அதே மூட்டையில் சென்றது.

அப்படிப்பட்ட ஒரு மடிப்புப் படகு நம் கடலோரத்தையும் தொட்டுச் சென்றிருக்கிறது. ஆஸ்கர் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரில் தன்யூப் ஆற்றில் புறப்பட்டார். மேற்காசியா வழியாக வந்து, இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, பின்னர் இந்தியாவின் கிழக்குக் கரை என்று சென்று, 1939இல் ஆஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவுகளை அடைந்தார். ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் என்று சொல்லப்படும் அப்பயணத்தில் சிறு பாயும் அவருக்கு உதவியது. எஞ்சிய தொலைவெல்லாம் கைகளால் வலித்தது.

பந்தயமும் 90 பாகையும்

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக், கேனோ பந்தயங்கள் முதன்முறையாகப் பதக்கப் போட்டிகளாக இடம்பெற்றன. மடிப்புப் படகுகளுக்கும் அந்த ஒரு முறை மட்டும் 10,000 மீட்டர் போட்டி நடந்தது. பந்தயத்தில் ஒவ்வொரு நொடியும் கணக்கு. மேலே இருக்கும் அலகு காற்றில் ஏற்படுத்தும் தடையைக் குறைக்க 90 பாகைத் திருப்பு பந்தய வீரர்களிடம் நிலைபெற்றது. பந்தயத்தைப் பார்த்துப் பழகியவர்கள் சுற்றுலாப் படகுக்கும் அதையே பின்பற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல ஐரோப்பிய நாடுகளில் துடுப்பு என்றாலே செங்கோணத் துடுப்பு என்றாயிற்று.

இதில் மணிக்கட்டுக்கு என்ன வேலை என்பதை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் ஒட்டடைக் கம்பை எடுத்து, இரு முனைகளிலும் தடித்த அட்டையைச் செங்கோணத்தில் கட்டுங்கள். நாற்காலியில் அமர்ந்து, வலக்கையால் கம்பை உறுதியாகவும் இடக்கையால் வளையம் போலத் தளர்வாகவும் பிடியுங்கள். முதலில் வலப்பக்கம் துடுப்பு வலிப்பது போலச் செய்யுங்கள். இப்போது இடப்பக்கம் வலிக்க வேண்டும். இடப்பக்க அட்டை தண்ணீரை நேராகத் தள்ளும் நிலைக்கு வர வேண்டுமானால் கம்பு சுழல வேண்டும். அதைச் சுழற்ற உங்கள் வல மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்குவதைக் காண்பீர்கள். பிறகு இரண்டு அட்டைகளையும் ஒரே தளத்தில் கட்டிச் செய்து பாருங்கள். அந்த மடங்கல் பெரிதும் குறைந்திருக்கும்.

கம்பை உறுதியாகப் பிடித்துச் சுழற்றும் கையைக் கட்டுப்படுத்தும் கை என்கிறார்கள். பெரும்பாலான துடுப்புகளில் அது வலக்கை. நிமிடத்துக்கு 50 வலிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 3,000 வலிப்பு. அவற்றில் பாதி இடப்பக்க வலிப்பு. ஆக, ஒரு மணி நேரத்தில் வல மணிக்கட்டு 1,500 முறை பின்னுக்கு மடங்கி மீள்கிறது.

மணிக்கட்டுக்குள் நடப்பது

விரல்களை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் உள்ளன. அவற்றிலிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் அவை ஈரமான உறைகளுக்குள் வழுக்கி நகரும். மணிக்கட்டு நேராக இருக்கும்போது இந்த நாண்கள் நேர்க்கோட்டில் இயங்கும். மணிக்கட்டு மடங்கிய நிலையில் இழுக்கும்போது, கிணற்றுக் கயிறு உருளையில் திரும்புவதுபோல அவை எலும்பின்மேல் வளைந்து உராய வேண்டியிருக்கிறது. அதோடு இறுக்கிப் பிடிக்கவும் செய்தால் உராய்வு இன்னும் கூடும்.

இதே இயக்கம் ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது உறை வீங்கி வலிக்கிறது. இது தசைநாண் உறை அழற்சி எனப்படும். கட்டை விரல் பக்கமுள்ள இரு நாண்களின் உறையில் வருவதை 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வான் விளக்கினார்; இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய வழியில் செல்லும் நரம்பு அழுந்தினால், கட்டை விரல் முதல் மோதிர விரல் வரை மரத்துப்போகும். இந்நோய்கள் படகோட்டிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. தையல் வேலை, தட்டச்சு, குழந்தையைத் தூக்குதல் என எந்த வேலையிலும் வரலாம்.

கோணம் மட்டும்தான் காரணமா?

மேலே சொன்ன சோதனையைச் செய்து பார்த்தவர், “அப்படியானால் குற்றம் முழுவதும் திருப்புக் கோணத்தின் மேல்தான்” என்று முடிவு செய்யக்கூடும். படகோட்டிகள் பலரும் நெடுங்காலமாக அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் களத்தில் ஆராய்ந்தவர்கள் வேறு விதமான விடையைக் கண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பல நாள் நடக்கும் நெடுந்தொலைவுப் படகுப் பந்தயங்கள் புகழ்பெற்றவை. அப்படிப்பட்ட பந்தயங்களில் கலந்துகொண்டவர்களை ஆராய்ந்து, டிம் நோக்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பந்தயத்துக்குச் சராசரியாக 23 விழுக்காட்டினருக்கு மணிக்கட்டுத் தசைநாண் உறை அழற்சி ஏற்பட்டிருந்தது. பழக்கக் கையில் அது கூடுதலாக இருந்தது. ஆனால் படகின் வகையோடும் அலகுகளின் கோணத்தோடும் அதற்குத் தொடர்பு காணப்படவில்லை.

தொடர்பு காணப்பட்டவை வேறு. பலத்த காற்று, வேகமான நீரோட்டம், அலைகள் கலைந்த நீர் ஆகியவை ஒன்று. துடுப்பு வலிக்கும் முறை மற்றொன்று. குறிப்பாக, மேலே உள்ள கை துடுப்பை முன்னே தள்ளும்போது மணிக்கட்டை அளவுக்கு மீறிப் பின்னுக்கு மடக்குவது. பந்தயத்துக்கு முந்தைய எட்டு வாரங்களில் வாரம் 100 கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி செய்தவர்களுக்கு, குறைவாகப் பயிற்சி செய்தவர்களைவிட இந்நோய் குறைவாகவே வந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, சுழற்றுவதற்காக மணிக்கட்டு மடங்குவதைவிட, பளுவைத் தாங்கியபடி மடங்கியிருப்பது கேடானது. இரண்டாவது, பழகாத கை திடீரென்று பெருந்தொலைவு வலிப்பது ஆபத்து. கோணத்தைக் குறைத்தவுடன் வலி போய்விடும் என்று எண்ணி, பிடிக்கும் முறையை மாற்றாதவருக்குப் பயன் குறைவு. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பந்தய வீரர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வார இறுதியில் ஓட்டும் ஒருவருக்குக் குறைந்த கோணம் வசதியாக இருந்தால் அதை மறுக்க இந்த ஆய்வு காரணமாகாது.

துடுப்பு மீண்டும் மாறிய கதை

20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துடுப்பில் பல மாற்றங்கள் வந்தன.

கோணம் குறைந்தது. 90 பாகை என்பது 75, 60, 45 எனப் படிப்படியாக இறங்கியது. நடு இணைப்பில் கோணத்தை விருப்பம்போல் மாற்றிப் பூட்டும் துடுப்புகள் பரவின. சிலர் சுழியக் கோணத்துக்கே திரும்பினார்கள்.

வளைந்த தண்டு வந்தது. கை பிடிக்கும் இடத்தில் தண்டைச் சற்று வளைத்தால், முன்கையின் கோட்டிலேயே கை அமரும். மணிக்கட்டு பக்கவாட்டில் சாயாது. இது சிலருக்கு நல்ல நிவாரணம் தந்தது. ஆனால் பிடியை நகர்த்திக்கொள்ள இடம் குறைவு. எடையும் விலையும் சற்றுக் கூடுதல்.

சிறகு வடிவ அலகு வந்தது. 1980களின் நடுவில் சுவீடனில் உருவான இது, விமான இறக்கை போல வளைந்திருக்கும். நார்வேயின் ஐனார் ரஸ்முசென் அந்த அலகுக்குத் திருகிய வடிவம் தந்தார். இத்துடுப்பு படகை ஒட்டி நேராகப் பின்னோக்கிச் செல்லாமல், படகிலிருந்து விலகி வெளிநோக்கிச் செல்லும். அதனால் இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுதும் திரும்பியே வலிக்க வேண்டும். வேகப் பந்தயங்களில் விரைவில் இதுவே நிலைத்துவிட்டது.

பொருள் மாறியது. மரத்துக்கும் அலுமினியத்துக்கும் பின் கண்ணாடி இழையும் கரிம இழையும் வந்தன. அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் அலகும் கொண்ட துடுப்பு ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கரிம இழைத் துடுப்பு 700 கிராம் அளவில் கிடைக்கிறது. 300 கிராம் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஒரு மணி நேரத்து 3,000 வலிப்பால் பெருக்கினால் 900 கிலோ கணக்கு வரும்.

இவற்றோடு பழைய துடுப்பும் மீண்டு வந்தது. விசைப்படகுகள் பெருகியதால் கிரீன்லாந்தின் பல பகுதிகளில் கயாக் மரபு மங்கியிருந்தது. 1980களில் அங்குள்ள இளைஞர்கள் சங்கம் அமைத்து, படகு கட்டுதலையும் துடுப்பு செதுக்குதலையும் மூத்தோரிடம் கற்றார்கள். ஆண்டுதோறும் போட்டிகளும் நடத்தத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆர்வலர்கள் அந்த ஒடுங்கிய துடுப்பைத் தாங்களே செதுக்கிப் பயன்படுத்தலானார்கள். மணிக்கட்டும் தோளும் வலித்ததால் இதற்கு மாறியவர்கள் அவர்களில் உண்டு.

துடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

மேற்கண்ட வரலாறு தரும் வழிகாட்டலைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

நீளம்: உங்கள் உயரம், படகின் அகலம், வலிக்கும் பாணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். துடுப்பைத் தாழ்வாகச் சாய்த்து நிதானமாக வலிப்பவருக்குச் சற்று நீளமானதும், செங்குத்தாக நிறுத்தி வேகமாக வலிப்பவருக்குச் சற்றுக் குட்டையானதும் பொருந்தும். சுற்றுலாப் படகுகளுக்கு 210 முதல் 230 சென்டிமீட்டர் வழக்கமான அளவு. அகன்ற படகுக்கு இதைவிட நீளம் தேவைப்படலாம். தேவைக்கு மேல் நீளமான துடுப்பு கையின்மேல் நெம்புகோலாக வேலை செய்து பளுவைக் கூட்டும்.

அலகின் அளவு: பெரிய அலகு வாங்கினால் வேகம் கூடும் என்று எண்ணுவது புதியவர்களின் பொதுத் தவறு. பெரிய அலகு ஒவ்வொரு வலிப்பிலும் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். அந்தப் பளு மணிக்கட்டு வழியாகவே செல்கிறது. நீண்ட நேரம் ஓட்டுபவர்களுக்குச் சிறிய அலகே நல்லது. மிதிவண்டியில் ஏற்றத்தில் செல்லும்போது இலகுவான கியருக்கு மாற்றுவது போன்றது இது.

தண்டின் பருமன்: விரல்கள் தண்டைச் சுற்றி வந்து கட்டை விரலை இலேசாகத் தொட வேண்டும். கை சிறியவர்கள் பருத்த தண்டைப் பிடித்தால் தம்மை அறியாமலே இறுக்குவார்கள். சிறிய பருமனிலும் தண்டுகள் விற்கப்படுகின்றன. பெண்களும் பள்ளி மாணவர்களும் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. பிடிக்கும் இடத்தில் தண்டு முட்டை வடிவில் இருந்தால் அலகின் திசை கைக்குத் தானாகத் தெரியும்.

கோணம்: மாற்றக்கூடிய இணைப்புள்ள துடுப்பே முதல் தேர்வாக இருக்கட்டும். தாழ்வாக வலிப்பவர்கள் சுழியத்திலிருந்து 30 பாகை வரை முயன்று பார்க்கலாம். உயர்த்தி வலிப்பவர்களுக்குக் கை மேலே எழும்போது தண்டு தானாகவே ஓரளவு சுழலும். ஆகவே 30 முதல் 60 பாகை அவர்களுக்கு இயல்பாக இருக்கலாம். ஒரே நாளில் அடிக்கடி மாற்றாமல், ஒரு கோணத்தில் சில நாள் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எடை: வசதிக்குள் எவ்வளவு இலேசானது கிடைக்குமோ அதை வாங்கலாம். படகுக்குச் செலவிட்டு, மிஞ்சியதில் துடுப்பு வாங்குவதே பலர் வழக்கம். ஆனால் பயணம் முழுதும் கையில் இருப்பது துடுப்புதான்.

வலிக்கும் முறை

நல்ல துடுப்பும் தவறான பிடியில் கையைக் கெடுக்கும். வாடகைப் படகோடு வரும் கனமான துடுப்பும் சரியான பிடியில் பெரிதாகத் துன்பம் தராது. எனவே வாங்கும் வாய்ப்பு இல்லாதவர்களும் பின்வருவனவற்றைப் பழகலாம்.

1. துடுப்பைத் தலைமேல் கிடையாக வைத்து, இரு முழங்கைகளும் செங்கோணத்தில் இருக்கும்படி பிடியுங்கள். அதுவே கைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தொலைவு.

2. விரல்களைக் கொக்கி போல வளைத்துப் பிடித்தால் போதும். பறவைக் குஞ்சைப் பிடிப்பது போன்ற தளர்வு வேண்டும். விரல் மூட்டுகள் வெளுத்தால் இறுக்கம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

3. தள்ளும் கையின் விரல்களைச் சற்றுத் திறந்து, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடைப்பட்ட பகுதியால் தண்டைத் தள்ளுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். தென்னாப்பிரிக்க ஆய்வு சுட்டிய தவறு நேர்வது இந்த இடத்தில்தான்.

4. கையால் மட்டும் இழுக்காமல், வயிற்றிலிருந்து உடலைத் திருப்பி வலியுங்கள். வலப்பக்கம் வலிக்கும்போது வலக்கால் பாதத்தால் படகின் மிதியை அழுத்தினால் உடல் தானாகத் திரும்பும். பெரிய தசைகள் வேலை செய்யும்போது மணிக்கட்டு துடுப்பையும் உடலையும் இணைக்கும் வேலையை மட்டும் செய்தால் போதும்.

5. அலகு இடுப்பைக் கடக்கும் முன்பே தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் படகுக்குப் பயன் குறைவு; மணிக்கட்டுக்குத் திருகல் மிகுதி.

6. கோணமுள்ள துடுப்பானால், கட்டுப்படுத்தாத கையில் தண்டு தாராளமாகச் சுழல வேண்டும். இரண்டு கைகளும் இறுக்கினால் இரண்டும் வலிக்கும்.

7. தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காற்றும் அலையும் மிகுந்த நாளில் திட்டமிட்ட தொலைவைக் குறைத்துக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

வலி தொடங்கிவிட்டால்

கட்டை விரல் பக்கம் கூச்சமும் வலியும், முன்கையின் மேற்புறத்தில் வீக்கம், மணிக்கட்டை அசைக்கும்போது நறநறப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். அப்போதே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மாதக்கணக்கில் நீளக்கூடும். தற்காலிகமாகக் கோணத்தைக் குறைப்பதும் பிடியை மாற்றுவதும் உதவும். விரல்கள் மரத்துப்போதல், இரவில் வலியால் விழித்தல், பிடியில் வலுக்குறைதல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

முடிவுரை

கிரீன்லாந்தின் வேட்டைக்காரர் தம் பாகத்தாலும் முழத்தாலும் துடுப்பை அளந்தார். அதன்பின் வந்தவர்கள் படகின் அகலத்துக்காகவும், மூட்டை கட்டும் வசதிக்காகவும், காற்றுக்காகவும், பந்தய நொடிக்காகவும் அதை மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணம் இல்லாத இடத்துக்கும் அம்மாற்றம் வழக்கமாக வந்து சேர்ந்தபோது அதன் சுமை மணிக்கட்டில் இறங்கியது. அமைதியான கழிமுகத்தில் மாலை நேரம் ஓட்டும் ஒருவருக்குப் பந்தய வீரரின் செங்கோணம் தேவையில்லை.

அடுத்த முறை படகுத்துறையில் துடுப்பைக் கையில் வாங்கும்போது, ஏறும் முன் ஒரு நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இரண்டு அலகுகளும் எப்படித் திரும்பியிருக்கின்றன, தண்டு உங்கள் கைக்குப் பருமனா, பிடிக்கும்போது மணிக்கட்டு நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். இணைப்பில் பொத்தான் இருந்தால் கோணத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள். இல்லையென்றால் பிடியைத் தளர்த்தி, உடலைத் திருப்பி வலியுங்கள்.